உடைத்து வாசித்த மெழுகு: காசநோய்க் கிருமியின் கொழுப்பைக் கண்டுபிடித்த கதை

எங்களில் அநேகம்பேரின் இடது புயத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அந்த ஊசிக்குள் இருந்தது உயிருள்ள பற்றீரியா. மாடுகளுக்குக் காசநோய் கொடுக்கிற கிருமியை பிரான்சின் லீல் நகரத்தில் அல்பேர்ட் கல்மெற்றும் கமில் கெரானும் 1908 இலிருந்து 13 வருசம், 230 தடவை திரும்பத் திரும்ப வளர்த்து வளர்த்து அதின்ர வீரியத்தைக் குறைத்தார்கள். உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தம், இவ்வளவுதான் அதுக்குச் சாப்பாடு. பித்தம் ஏன்? கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டுப் போகாமல் இருக்க. ஏன் கட்டிபடுது? அதன் தோல் முழுக்க மெழுகு.

இந்தக் கட்டுரை அந்த மெழுகைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. அதின்ர மேலில் பூசியிருக்கிற கொழுப்பு அதைவிடத் தெரியாது. அப்படியிருக்க, அந்தக் கொழுப்பில் எத்தனை காபன் இருக்கு, கிளை எந்த இடத்தில் பிரியுது என்றெல்லாம் இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் கீறி வைத்திருக்கினம். யார் பார்த்தது? எப்படிப் பார்த்தது? நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வி எங்கட பாடத்துக்கும் உரியது என்றுதான் நினைக்கிறம். நேரே பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி, மிஞ்சிக் கிடக்கிற துண்டுகளை வைத்து எப்படி உறுதியாகப் பேசுறது? வரலாறு படிக்கிற ஆக்களின்ர அன்றாடப் பிரச்சினை அதுதானே.

சாயம் பிடிக்காத கிருமி

1882 மார்ச் 24. பேர்ளினில் ரொபேட் கொக் காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று அறிவித்தார். அந்தக் கிருமியைக் காண்பதே பெரிய பாடாக இருந்தது, ஏனெண்டால் மற்றக் கிருமிகளைப்போல அது லேசில் சாயம் ஏற்காது. அதே வருசம் போல் எர்லிக் ஒரு விசயத்தைக் கவனித்தார்: இந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்றுவது கஷ்டம், ஆனால் ஒருக்கா ஏறிவிட்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. பிறகு சீல், நீல்சன் என்ற இரண்டு பேர் அந்த முறையைத் திருத்தினார்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவுகிற பரிசோதனைக்கு இன்றைக்கும் அவர்கள் இருவரின் பெயர்தான்.

சாயம் போகாததுக்குக் காரணம் கொழுப்பாகத்தான் இருக்கவேணும் என்று பலர் ஊகித்தார்கள். ஆனால் "கொழுப்பு" என்ற சொல் ஒன்றையும் விளக்காது. தேங்காயெண்ணெயும் கொழுப்பு, தேன்மெழுகும் கொழுப்பு. இது என்ன கொழுப்பு?

அண்டர்சனின் இருபது வருசம்

அந்தக் கேள்வியை முறையாகக் கையில் எடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரூடோல்ஃப் அண்டர்சன். சுவீடனில் பிறந்தவர். 1920களின் பிற்பகுதியிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்தக் கிருமியின் கொழுப்புத்தான் அவரின் வேலை. மருந்துக் கொம்பனிகள் பெருந்தொகையாக வளர்த்துக் கொடுத்த கிருமிகளை அற்ககோலிலும் ஈதரிலும் குளோரபோமிலும் ஊறப்போட்டு, கரைந்து வந்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள்.

1929 இல் அண்டர்சனும் அவரிடம் வேலை செய்த எர்வின் சார்காஃப் என்ற இளைஞரும் ஒரு புதுக் கொழுப்பமிலத்தைப் பற்றி எழுதினார்கள். பெயர் ரியூபர்குலோஸ்டியரிக் அமிலம். (அந்தச் சார்காஃப்தான் பிற்காலத்தில் டி.என்.ஏ. யில் ஏ அளவும் ரி அளவும் சமம் என்று காட்டியவர். காசநோய்க் கொழுப்பில்தான் கை பழகினார் என்பது கனபேருக்குத் தெரியாது.) 1934 இல் ஸ்பீல்மன் என்பவர் அந்த அமிலத்தின் அமைப்பைச் சொன்னார்: 18 காபன் கொண்ட சங்கிலி, அதில் 10 ஆவது காபனில் ஒரு சின்ன மெதயில் கிளை. 1938 இல் அண்டர்சனின் ஆய்வகம் இன்னும் பெரிய ஒன்றைப் பிரித்தெடுத்தது. அதுதான் மைக்கோலிக் அமிலம். சாயத்தைப் பிடித்து வைத்திருக்கிற மெழுகின் முக்கிய பங்கு.

அந்தக் காலத்து ஆயுதங்கள் என்ன? உருகுநிலை பார்ப்பது. எரித்து வரும் காபனீரொட்சைட்டையும் நீரையும் நிறுப்பது. அமிலம் ஊற்றி உடைத்துத் துண்டுகளை அடையாளம் காண்பது. சின்ன மூலக்கூறுக்கு இது சரி. 80 காபன் உள்ள மூலக்கூறில் ஒரு காபன் கூடினாலும் குறைந்தாலும் எரித்து நிறுக்கும்போது வித்தியாசமே தெரியாது.

அதனால் பிழைகளும் வந்தன. "தையோயிக் அமிலம்" என்று அண்டர்சன் ஒன்றுக்குப் பெயர் வைத்தார். காசநோய்க்கான பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 26 காபன் உள்ள ஒரு தனிப் பொருள் என்று அவர் நம்பினார். பிறகு வந்தவர்கள் பார்த்தால், அது தனிப் பொருளே இல்லை, ஒரு கலவை. இதை அண்டர்சனின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். எங்களுக்கு அப்படித் தோன்றேல்லை. அவர் பிழைவிட்டது கையில் இருந்த கருவியின் எல்லையில். பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் தன் வேலையைத் துல்லியமாக எழுதி வைத்திருந்தார்.

ஓடிவந்தவரின் ஆய்வகம்

கதையின் அடுத்த ஆள் எட்கார் லெடரர். 1908 இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1931 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில், ரிச்சர்ட் கூனின் ஆய்வகத்தில், எல்லாரும் மறந்துபோயிருந்த குரோமட்டோகிரபி முறையைத் திரும்ப உயிர்ப்பித்தவர்களில் ஒருவர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிரான்சுக்குப் போனார். வேலை நிலையில்லை. 1935 இல் லெனின்கிராட்டுக்குப் போனார். அங்கேயும் காலம் கெட்டுப்போக, 1937 இன் கடைசியில் திரும்பப் பிரான்ஸ். 30 வயதாகும்போது நாலு நாடு பார்த்துவிட்ட மனிசன்.

போர் முடிந்த பிறகு அவரும் ஜான் அஸெலினோவும் மைக்கோலிக் அமிலத்தைக் கையில் எடுத்தார்கள். 1950 இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இது இரண்டு வால் உள்ள அமிலம். அமிலத் தலைக்குப் பக்கத்துக் காபனில் ஒரு வால் கிளை பிரியுது. அதுக்கு அடுத்த காபனில் ஒரு ஐதரொட்சில் கூட்டம். அங்கிருந்து மற்ற நீண்ட வால் போகுது. இதை எப்படிக் கண்டார்கள்? சூடாக்கி. சுமார் 300 பாகையில் இந்த மூலக்கூறு எழுந்தமானமாக உடைவதில்லை. ஒரே இடத்தில், அந்த இரண்டு காபனுக்கும் நடுவில், ஒழுங்காக இரண்டாகப் பிரியும். மனிதக் காசநோய்க் கிருமியின் மைக்கோலிக் அமிலம் என்றால் ஒரு பக்கம் 26 காபன் கொண்ட கொழுப்பமிலம் விழும். மற்றப் பக்கம் ஒரு நீண்ட அல்டிகைட்டு. உடைகிற விதமே அமைப்பைச் சொல்லுது.

1956 இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. வீரியமான காசநோய்க் கிருமிகள் வளரும்போது கயிறு திரித்ததுபோல நீளநீளமாகப் படுக்கும். அதோடு தொடர்புள்ள நச்சுப் பொருளை ஹுபேர்ட் புளொக் பிரித்தெடுத்திருந்தார். "கயிற்றுக் காரணி" என்று பெயர். நோல், புளொக், அஸெலினோ, லெடரர் நாலு பேரும் சேர்ந்து அதன் அமைப்பைச் சொன்னார்கள்: திரேகலோசு என்ற வெல்லம் ஒன்று, அதின்ர இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக்கோலிக் அமிலம். எங்கட உடம்பின் காவல் கலங்கள் இந்தப் பொருளை மின்கிள் என்ற வாங்கியால் அடையாளம் காணுகின்றன என்பது 2009 இல்தான் தெரியவந்தது.

மூலக்கூறை நிறுக்கிற இயந்திரம்

இனித்தான் திணிவுத் திருசியமானி வருது. அது பிறந்தது உயிரியலுக்காக இல்லை. கேம்பிறிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் நியோன் வாயுவின் அயன்களைக் காந்தத்தால் வளைத்தபோது, 20 இல் ஒரு கோடும் 22 இல் ஒரு கோடும் விழுந்தன. 1919 இல் அவரின் மாணவர் பிரான்சிஸ் அஸ்ரன் இன்னும் நுணுக்கமான கருவியைச் செய்து சமதானிகளை வரிசையாகக் கண்டுபிடித்து, 1922 இல் நோபல் பரிசு வாங்கினார். 1940களில் பெற்றோல் சுத்திகரிக்கிற கொம்பனிகள் எண்ணெயில் என்னென்ன இருக்கு என்று பார்க்க அதே கருவியை வாங்கின.

கருவியின் தத்துவம் லேசானது. மூலக்கூறை ஆவியாக்கு. இலத்திரன் கற்றையால் அடி. அது மின்னேற்றம் பெற்று, பலதும் உடையும். உடைந்த துண்டுகளைக் காந்தப் புலத்துக்குள்ளால் விடு. பாரம் குறைந்தது கூட வளையும், கூடினது குறைய வளையும். எந்தப் பாரத்தில் எத்தனை துண்டு என்று ஒரு வரைபு வரும். அவ்வளவுதான். ஆனால் பெரிய சேதன மூலக்கூறை இப்படி அடித்தால் வெறும் குப்பைதான் மிஞ்சும் என்று இரசாயனவியலாளர் கனபேர் நினைத்தார்கள்.

அப்படி இல்லை என்று காட்டியவர்கள் சுவீடன்காரர். ஐனார் ஸ்டென்ஹாகனும் அவரின் மனைவி ஸ்டீனா ஸ்டேல்பெரி-ஸ்டென்ஹாகனும் கிளை பிரிந்த கொழுப்பமிலங்களை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை அதில் இறக்கிவிட்டதே காசநோய்க் கிருமியின் விநோதமான கொழுப்புகள்தான். ராக்னர் ரிஹாகே கருவியைக் கட்டினார். அமைப்புத் தெரிந்த அமிலங்களைக் கருவிக்குள் விட்டு, எது எப்படி உடையுது என்று ஒரு அட்டவணையே உருவாக்கினார்கள். 1960 இல் ரிஹாகேயும் ஸ்டென்ஹாகனும் எழுதிய நீண்ட கட்டுரை அந்தத் துறைக்கு அரிச்சுவடி மாதிரி.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். நேரான சங்கிலியில் ஒவ்வொரு காபனும் அதன் இரண்டு ஐதரசனோடு 14 அலகு பாரம். அதால் உடைந்த துண்டுகளும் 14, 14 ஆகக் கூடிக்கொண்டு போகும்: 143, 157, 171, 185, 199. இப்ப ரியூபர்குலோஸ்டியரிக் அமிலத்தின் மெதயில் எசுத்தரை உள்ளே விடுங்கோ. 171 எழும்பி நிற்கும், 199 எழும்பி நிற்கும், நடுவில் 185 அமுங்கிப் போகும். ஏன்? கிளை இருக்கிற காபனின் இரண்டு பக்கமும்தான் சங்கிலி லேசாக உடையுது. அந்தக் காபன் தன் கிளையையும் சேர்த்து 28 பாரம். கணக்குப் பார்த்தால் கிளை விழுவது 10 ஆவது காபனில். 1934 இல் ஸ்பீல்மன் நீண்ட இரசாயன வழியால் வந்து சேர்ந்த அதே இடம். இப்ப அதுக்கு ஊசி முனையளவு பொருளும் ஒரு வரைபும் போதும்.

மைக்கோலிக் அமிலம் மட்டும் லேசில் மடியேல்லை. அதன் பாரம் 1100 ஐத் தாண்டும். ஆவியாக்கப் போனால் கருவியின் வாசலிலேயே சூட்டில் உடைந்துவிடும். ஆனால் எந்த இடத்தில் உடையும் என்று லெடரர் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் 1960களில் அங்கே எத்தெமாதி என்ற ஆய்வாளர் உடைவையே ஆயுதமாக்கினார்: விழுந்த அல்டிகைட்டின் பாரத்தைப் படித்து முழு மூலக்கூறையும் கணித்தார். 1967 அளவில் ஒக்ஸ்போர்ட்டில் டேவிட் மினிகினும் போல்காரும் அந்த நீண்ட வாலில் சைக்கிளோபுரொப்பேன் வளையங்கள், அதாவது மூன்று காபன் கொண்ட சின்ன முக்கோணங்கள், இருப்பதைக் காட்டினார்கள்.

இந்த முக்கோணம் அலங்காரத்துக்கு இல்லை. 2000 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் கிளிக்மனும் ஜேக்கப்ஸும் அதில் ஒரு முக்கோணத்தைப் போடும் மரபணுவை அழித்துப் பார்த்தார்கள். கிருமிக்குக் கயிறு திரிக்க முடியேல்லை, எலியின் உடம்பில் நீண்டகாலம் தங்கவும் முடியேல்லை. ஒரு முக்கோணம் இல்லாமல் போனதால் வந்த வினை.

14 என்ற இலக்கம்

இன்னொரு சம்பவம். காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஒன்றிலிருந்து லெடரர் குழு ஃபோர்ட்டுயிற்றின் என்ற பொருளைப் பிரித்திருந்தது. கொழுப்பமிலம் ஒன்று, அதில் தொங்கும் ஒன்பது அமினோவமிலங்கள். அதை இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் திணிவுத் திருசியமானி செய்கிற கொம்பனியில் வேலைபார்த்த மைக்கல் பாபரிடம் கொடுத்தார்கள். கொழுப்பு வால் இருந்தபடியால் மூலக்கூறு ஆவியாகியது. 1359 என்ற பாரத்தில் அது முழுசாகத் தெரிந்தது. அங்கிருந்து கீழே அமினோவமிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்ற வரிசையும் தெரிந்தது.

ஆனால் கணக்கு உதைத்தது. லியூசின் வரவேண்டிய இரண்டு இடத்தில் 113 க்குப் பதிலாக 127. வித்தியாசம் 14. அப்படியென்றால் அந்த லியூசின்களில் ஒரு மெதயில் கூட்டம் கூடுதலாக இருக்கு. பழைய முறைகளுக்குப் பிடிபடாதது அது. 1965 இல் இது வெளியானது. அதைப் பார்த்துத்தான் லெடரர் குழு மற்றப் பெப்ரைட்டுகளுக்கும் வேண்டுமென்றே மெதயில் ஏற்றி ஆவியாக்கலாம் என்ற யோசனைக்குப் போனது.

பாபர் அதோடு நிற்கேல்லை. 1981 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழக வட்டாரத்திலேயே, ஆவியாக்கத் தேவையில்லாத ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். பொருளைக் கிளிசரோலில் கரைத்து, அதன்மேல் வேகமான ஆகன் அணுக்களால் அடிப்பது. சூட்டில் கருகிப்போகிற பெரிய மூலக்கூறுகளும் இப்ப முழுசாகப் பறந்து வந்தன.

அதை உடனே பிடித்துக்கொண்டவர்களில் குனி தக்கயாமாவும் நிலோஃபர் குரேஷியும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் மெடிசன் நகரத்தில் இருந்த காசநோய்க் கொழுப்பு ஆய்வாளர்கள். கொக்கின் பேர்ளின் நிலையத்தில் ரிச்சர்ட் பைஃபர் 1892 இல் பேசிய "அகநச்சு", காய்ச்சலும் அதிர்ச்சியும் கொண்டுவருகிற பற்றீரியா நச்சு, அதன் மையமான லிப்பிட் ஏ யின் அமைப்பு 90 வருசமாகியும் முழுசாகத் தெரியாமல் இருந்தது. 1983 அளவில் இவர்களும் கிறிஸ் றேட்ஸ் முதலானோரும் பாபரின் முறையால் அதைத் தெளிவாக்கினார்கள். ஈ.கோலை கிருமியில் அது இரண்டு குளுக்கோசமீன் வெல்லமும் ஆறு கொழுப்பமிலச் சங்கிலியும். 1985 இல் ஒசாகாவில் அதை ஆய்வகத்திலேயே செய்து பார்த்தார்கள். இயற்கை நச்சு செய்ததை அதுவும் செய்தது. கீறின படம் சரி.

தெரிஞ்சதும் வந்து சேர்ந்ததும்

இவ்வளவும் தெரிந்து நோயாளிக்கு என்ன கிடைத்தது? இதுக்கு நேரான பதில் இல்லை.

ஐசோனியசிட் குளிசை 1952 இல் வந்தது. அது கிருமியின் மைக்கோலிக் அமில உற்பத்தியைத்தான் நிறுத்துது என்று டப்ளினில் விண்டரும் கொலின்ஸும் காட்டியது 1970 இல்; தக்கயாமா குழு உறுதிப்படுத்தியது 1972 இல்; எந்த நொதியத்தில் போய் அடிக்குது என்று கண்டது 1994 இல். மருந்து முதலே சுகப்படுத்திவிட்டது, விளக்கம் ஆறுதலாக வந்தது. ஆனால் மருந்துக்குக் கிருமி அசையாமல் நிற்கத் தொடங்கியபோது, ஏன் நிற்குது என்று விளங்கிக்கொள்ள அந்த விளக்கம்தான் உதவியது.

1983 இல் சுவீடனின் லுண்ட் நகரத்து ஆய்வாளர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்களின் முள்ளந்தண்டு நீரில் ரியூபர்குலோஸ்டியரிக் அமிலத்தைத் திணிவுத் திருசியமானியால் தேடிக் கண்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கக் கிழமைக்கணக்காகும். அந்த நோய்க்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அருமையான யோசனை. ஆனால் இயந்திரம் விலை கூடியது, அதை இயக்கப் பழகின ஆள் வேணும். காசநோய் கூட இருந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் தொடர்ந்து நம்பியிருந்தது 1880களின் சாயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023 இல் மட்டும் ஒரு கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கு, சுமார் 12.5 இலட்சம் பேர் செத்திருக்கினம். கொழுப்பின் 10 ஆவது காபன் வரைக்கும் தெரிந்த ஒரு நோயில்.

இந்த வரலாற்றை "மனித அறிவின் வெற்றி" என்று எழுதி முடிக்க எங்களுக்கு மனம் வராததுக்குக் காரணம் இதுதான். அறிவு ஒரு பாதையில் போகுது. அது ஆக்களிடம் வந்து சேர்வது இன்னொரு பாதை. இரண்டாவது பாதைக்குக் காசும் அரசியலும் வேணும்.

அதேநேரம் முதற் பாதையை இளக்காரமாகப் பார்க்கவும் ஏலாது. 2014 இல் பொஸ்ரனில் எமிலி லேயரும் பிராஞ் மூடியும் அவர்களின் குழுவும் காசநோய்க் கிருமியின் கொழுப்புகளையும் பி.சி.ஜி. கிருமியின் கொழுப்புகளையும் திணிவுத் திருசியமானியில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். காசநோய்க் கிருமியில் இருந்து பி.சி.ஜி. யில் இல்லாத ஒன்று அகப்பட்டது: ரியூபர்குலோசினைல் அடினோசின். எங்கட காவல் கலம் கிருமியை விழுங்கி அமிலத்தால் கொல்லப் பார்க்கும்போது, அந்த அமிலத்தை முறிக்கிற வேலையை இது செய்யுது என்று 2019 இல் தெரியவந்தது. எங்கட புயத்தில் ஊசியாக ஏறின கிருமிக்கும் ஆளைக் கொல்லுற கிருமிக்கும் இடையில் இருக்கிற வித்தியாசங்களில் ஒன்று, பாரம் பார்த்துக் கண்டுபிடித்த ஒரு கொழுப்பு.

இனி அந்தத் தழும்பைத் தடவிப் பார்க்கும்போது கல்மெற், கெரான் என்ற இரண்டு பெயர் மட்டும் ஞாபகம் வந்தால் போதாது. பிழையாகப் பெயர் வைத்த அண்டர்சன், நாடு நாடாய் ஓடின லெடரர், அமிலம் அமிலமாகச் செய்து அட்டவணை போட்ட ஸ்டீனா, 14 என்ற வித்தியாசத்தைத் தட்டிக்கழிக்காத பாபர் என்று வரிசை நீளம். உடைந்த துண்டுகளைக் குப்பை என்று எறியாமல் ஒவ்வொன்றாய் நிறுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.